தராசில் ஏறும் ஈரம்: கிராஃபீன் மின்முனையில் சறுக்கும் இடங்கள்

பினாங்கில் முறுக்கு டப்பாவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் நமத்துவிடும். கிராஃபீன் என்பது கரியணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த தாள்; அதில் ஆக்சிஜன் சேர்ந்த கிராஃபீன் ஆக்சைடும் அப்படித்தான். முதுகலை ஆய்வில் முதன்முதலாக, அந்தப் பொருளைப் பூசிய சூப்பர்கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் சாதனம்) மின்முனையை எடை போட்டபோது தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. தராசு கெட்டுவிட்டதாக ஆய்வுக்கூட அண்ணனிடம் முறையிட்டேன். “தராசு நல்லாத்தான் இருக்கு தம்பி, உன் சாமான்தான் தண்ணி குடிக்குது” என்றார்.

சிரிக்கலாம், ஆனால் மின்முனையில் இருப்பதே 0.5 மில்லிகிராம் என்றால் 0.1 பிசகினால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தவறு. கிராமுக்கு இத்தனை ஃபாரட் (மின்னூட்டம் தேக்கும் திறனின் அலகு) என்று பெருமையாக எழுதும் எண் அந்த எடையில்தான் நிற்கிறது. வெற்றிட அடுப்பில் உலர்த்தி, ஈரம் புகாத கலனில் ஆறவைத்து, உடனே எடை போடுங்கள். பொருளையும் கொஞ்சம் தாராளமாகவே பூசுங்கள். கடையில் விற்கும் சூப்பர்கெபாசிட்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் இருக்கும்.

உலர்த்துவதிலும் ஒரு வம்பு உண்டு. சூடான தோசைகளை அடுக்கித் தப்பாவ் கட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரே கட்டியாகிவிடும். கிராஃபீன் தாள்களும் தண்ணீர் வற்ற வற்ற ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒற்றைத் தாளுக்குக் கணக்குப்படி கிராமுக்கு 2630 சதுர மீட்டர் பரப்பு. 2008இல் ரூஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர், ஹைட்ரசீன் என்ற வேதிப்பொருளால் ஒடுக்கிய (ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கிய) கிராஃபீனில் அளந்தது 705தான். கிடைத்ததும் காரக் கரைசலில் கிராமுக்கு 135 ஃபாரட். ஆகவே முடிந்தால் உறையவைத்து உலர்த்துங்கள். அதற்காக ஒடுக்காத ஆக்சைடைக் குவியலாக அடுப்பில் வைத்து வேகமாகச் சூடேற்றிவிடாதீர்கள், படாரென்று வெடித்துச் சிதறும்.

கிராஃபைட்டிலிருந்து ஆக்சைடு செய்யும் ஹம்மர்ஸ் முறையில், அமிலக் கலவையில் பெர்மாங்கனேட்டை அவசரமாகக் கொட்டுவதும் அதே ரக முட்டாள்தனம். 1958இல் வந்த மூலக் குறிப்பே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது. அமிலத்தில் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு 55 டிகிரிக்கு மேல் வெடிக்கக்கூடியது. நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் சீக்கிரம் கரையும், கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே பொருளுக்கு மின்முனைக் கணக்கும் முழுக் கலத்தின் கணக்கும் நான்கு மடங்கு வித்தியாசப்படும். இரண்டு மின்முனைகள், ஒவ்வொன்றும் 2 மில்லிகிராம், ஒவ்வொன்றின் மின்தேக்குத் திறன் 0.3 ஃபாரட் என்று வையுங்கள். மின்முனைக் கணக்கில் கிராமுக்கு 150 ஃபாரட். தொடராக இணைந்ததும் கலத்தின் திறன் 0.15 ஃபாரட், மொத்த எடை 4 மில்லிகிராமால் வகுத்தால் 37.5. இரண்டு எண்ணும் சரிதான். எது எது என்று சொல்லாமல், ஒருவரின் 150ஐ இன்னொருவரின் 37.5 பக்கத்தில் வைத்து மார்தட்டுவதுதான் தப்பு. இதில் நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

காரக் கரைசலில் நிக்கல் நுரையை (துளைகள் நிறைந்த நிக்கல் உலோகத்தை) பூச்சுக்குத் தாங்கியாக வைத்தால் நிக்கலே மின்னூட்டத்தைச் சேர்க்கும். பூச்சு மெல்லியதாக இருந்தால் அந்தப் பங்கும் கிராஃபீனின் கணக்கில் ஏறிவிடும். எதுவும் பூசாத நுரைத்துண்டு ஒன்றை வெட்டி, அதே கரைசலில், அதே மின்னழுத்த வரம்பில் முதலில் ஓட்டிப் பாருங்கள்.