டேக் டீமின் ஒற்றை ஹிட்டை வைத்து மயாமி பேஸ் பீட் போடுவது எப்படி

டேக் டீம் என்ற இரண்டு பேர் கூட்டணிக்குப் பெரிய ஹிட் என்று சொல்ல ஒரே ஒரு பாட்டுதான். 1993இல் வந்த 'வூம்ப்! (தேர் இட் இஸ்)' பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது, அமெரிக்காவில் நான்கு மடங்கு பிளாட்டினம் வாங்கியது, அதற்கப்புறம் அவர்கள் அந்த உயரத்துப் பக்கமே போகவில்லை. ஆனால் மயாமி பேஸ் என்ற, பேஸ் அதிரும் ஹிப் ஹாப் பீட் போட்டுப் பழக நினைப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இந்தப் பாட்டைத்தான், ஏனென்றால் அதில் சரக்கு ரொம்பக் கொஞ்சம், எல்லாமே காதில் தனித்தனியாக விழும்.

பீட் போட போனில் பேண்ட்லேப் என்ற ஆப் போதும், கணினி என்றால் எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள். இரண்டும் இலவசம்.

எல்லோரும் பேஸில் தொடங்குவார்கள். நீங்கள் கத்தலில், அதாவது கூட்டம் திருப்பிக் கத்தும் சொல்லில், தொடங்குங்கள். இந்தக் கூட்டணியில் ஒருவரான டிசி, அட்லாண்டாவில் மேஜிக் சிட்டி என்ற கிளப்பில் டிஜேயாக இருந்தவர். கூட்டம் எதற்குத் துள்ளும், எதைத் திருப்பிக் கத்தும் என்று ராத்திரி ராத்திரியாகப் பார்த்தவர். அதே வருடம் ஃபுளோரிடாவிலிருந்து 95 சவுத் என்ற குழுவும் கிட்டத்தட்ட அதே கத்தலை வைத்துப் பாட்டு விட்டு 11ஆம் இடம் வரை வந்தது. ஆக, நீங்கள் தேட வேண்டியது கூட்டத்தின் வாயில் ஏற்கெனவே இருக்கிற ஒரு சொல். தமிழில் வைத்தாலும் சரிதான். போனில் பதிவு செய்யுங்கள், பீட்டே இல்லாமல் கைதட்டி நாலு பேரைத் திருப்பிக் கத்தச் சொல்லுங்கள். இரண்டாவது முறையே அவர்களாகக் கத்தவில்லை என்றால் வேறு சொல் தேடுங்கள், பேஸ் வந்து காப்பாற்றாது.

இப்போது வேகத்தை 129 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 129 தட்டு) வையுங்கள். டிரம் வரிசையில் ஒரு சுற்றுக்கு 16 கட்டங்கள் இருக்கும், நாலு கட்டம் ஒரு தட்டு. 5, 13இல் ஸ்னேரும் ('டக்' என்ற டிரம்) கிளாப்பும் (கைதட்டல் ஒலி) சேர்த்து. ஹை-ஹேட் ('ட்ஸ்' என்ற தட்டு ஒலி) எல்லாக் கட்டத்திலும், மெல்லிசாக. கிக்கை (அடியில் விழும் பெரிய டிரம் அடி) 1, 7, 11இல் வையுங்கள், அப்புறம் உங்கள் இஷ்டத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.

கிக் என்றால் ரோலண்டு டிஆர்-808இன் கிக். 1980இல் வந்து 1983இலேயே தயாரிப்பு நின்றுபோன டிரம் மெஷின் அது. நிஜ டிரம் மாதிரி இல்லை என்பதுதான் அப்போது அதன் மேல் இருந்த புகார். மயாமிக்காரர்கள் அந்தப் புகாரையே பிடித்துக்கொண்டார்கள், டிகே (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) குமிழைத் திருகி 'டொம்' என்பதை 'டூ...ம்' என்று இழுத்தார்கள், காரின் டிக்கியில் சப்வூஃபரை அடைத்துத் தெருவே அதிர ஓட்டினார்கள். அந்த இழுவைக்குக் கணக்கு உண்டு. 129 வேகத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 0.116 விநாடி. 1க்கும் 7க்கும் நடுவே 0.7 விநாடி இருக்கிறது, 7க்கும் 11க்கும் நடுவே அரை விநாடிகூட இல்லை. எல்லாக் கிக்கையும் ஒரே நீளத்துக்கு இழுத்தால் ஒன்றன் வால் அடுத்ததன் தலையில் ஏறி, அடியில் வெறும் சேறுதான் மிஞ்சும். 7இல் வரும் கிக்கை மட்டும் குறுக்குங்கள், அல்லது புது அடி விழுந்ததும் பழையது அறுந்துபோகிற மாதிரி மோனோ முறைக்கு மாற்றுங்கள்.

கிக்கின் சுருதி 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கட்டும், 40க்குக் கீழே இறங்காதீர்கள். போன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது, அதனால் கிக்கின் மேல் கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் 100, 150 ஹெர்ட்ஸில் அதன் மேல்சுரங்கள் எழும்பி, கீழே பேஸ் இருப்பதாகக் காதை நம்பவைக்கும்.

மேலே ஒரே ஒரு மெட்டு. டேக் டீம் எடுத்தது கானோ என்ற இத்தாலியக் குழுவின் 1980ஆம் வருடப் பாட்டிலிருந்து ஒரு துண்டு. நீங்கள் அடுத்தவர் பாட்டை வெட்டி ஒட்டாதீர்கள், அனுமதி வாங்குவது பெரிய தலைவலி. ஒரு சிந்த்தில் (மின்னணுக் கீபோர்டு ஒலியில்) நாலு ஸ்வரம் நீங்களே வாசித்தால் போதும். கத்தல் வரும் இடத்தில் அந்த மெட்டை நிறுத்திவிடுங்கள், கிக்கும் கிளாப்பும் மட்டும் ஓடட்டும். இந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் புதிதாகப் பீட் போடுபவர்களுக்கு வராத விஷயம், வெறுமை தெரிந்ததும் எதையாவது கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். டேக் டீமின் கத்தலைச் சுற்றிக் காலியிடம் தாராளமாக இருந்ததால்தான் 2020 கடைசியில் ஒரு காப்பீட்டு விளம்பரத்தில் அவர்களே வந்து, 'வூம்ப்'பை 'ஸ்கூப்' ஆக்கி ஐஸ்கிரீம் பாட்டாகப் பாட முடிந்தது, கேட்டவர்களுக்கு உடனே பிடிபடவும் செய்தது. (1993, 94லேயே ஆடம்ஸ் ஃபேமிலிக்கு ஒன்று, டிஸ்னிக்கு ஒன்று என்று அதே பாட்டைத் திருப்பித் திருப்பி விற்றதும் அவர்கள்தான், அதை மட்டும் காப்பியடிக்காதீர்கள்.)

முடித்ததும் ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்படாமல் சப்வூஃபர் இருக்கிற ஒரு காரில் போட்டுப் பாருங்கள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே ஒரு முறை, இறங்கிப் பத்தடி தள்ளி நின்று ஒரு முறை. வெளியே நம்பர் பிளேட்டின் கடகடப்பு மட்டும் கேட்டு, கிக் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை என்றால் பேஸைக் கூட்டாதீர்கள், டிகேயைக் குறைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.