நின்ற லாரியில் படும் அடி: ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரி ஓட்டுநருக்கு விபத்து என்றதும் நெடுஞ்சாலை மோதல்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. வண்டியிலிருந்து இறங்கும்போதும், தார்ப்பாய் கட்டும்போதும், சக்கரம் மாற்றும்போதும் படும் அடியை, நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில்கூட யாரும் வேலைக் காயமாக எண்ணுவதில்லை.

பல மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டியவருக்குக் கால் மரத்து, இடுப்பு விறைத்திருக்கும். அந்த நிலையில் கேபினிலிருந்து ரப்பர் செருப்போடு கீழே குதித்தால், உடல் எடை முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும் இறங்குகிறது. கீழே ஜல்லி கிடந்தால் கால் பிசகிவிடும். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை இரண்டு கால் என்ற நான்கில் குறைந்தது மூன்று எப்போதும் வண்டியில் ஊன்றியிருக்குமாறு, ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும்.

பாரத்தின் மேல் பின்னோக்கி நடந்துகொண்டே தார்ப்பாயை இழுப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. விளிம்பு எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. நைந்த கயிறு அறுந்தால், இழுத்த வேகத்திலேயே ஆள் மல்லாந்து விழுவார். கட்டுவதற்கு முன் கயிற்றை முழம் முழமாக விரலால் தடவிப் பார்த்தால், இழை விட்டுப்போன இடம் மெலிந்து தட்டுப்படும். அப்படிப்பட்ட கயிற்றை இந்த ஒரு நடைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஏறுவதற்கு முன், தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாக் ரிங் (டயரைச் சக்கரத்தில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) உள்ள சக்கரத்தைக் காற்று முழுவதையும் இறக்காமல் கழற்றுவதும், காற்றுப் பிடிக்கும்போது வளையத்துக்கு நேர் எதிரே குனிந்து நிற்பதும் உயிரையே பறிக்கக்கூடியவை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் அப்படியே.

அடிபட்ட பிறகு செய்யும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தினப்படி போய்விடும், முதலாளி மனம் கோணும் என்று அஞ்சி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த காயம் என்றால், வண்டி நின்றிருந்தாலும் இழப்பீடு கோரலாம். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கோரிக்கைக்கு 2 ஆண்டு வரம்பு வைத்துள்ளன. ஆகவே மருத்துவமனையில் வெறுமனே ‘கீழே விழுந்தேன்’ என்று சொல்லாமல், எந்த வண்டியில், எந்த வேலை செய்யும்போது விழுந்தீர்கள் என்பதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதே விவரத்தை அன்றே முதலாளிக்கும் எழுத்தில் அனுப்பி, நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.