கேட்டகரிகள் பெருகியதும் வூகாமர்ஸ் தடுமாறினால்

வேர்ட்பிரஸ் தளத்தில் ஆன்லைன் கடை நடத்த உதவும் வூகாமர்ஸில் இத்தனை கேட்டகரிதான் (பொருள் வகை) வைக்கலாம் என்று கணக்கு எதுவும் இல்லை. சில ஆயிரம் வரிகளைத் தாங்குவது டேட்டாபேஸுக்குப் பெரிய வேலையும் இல்லை. தளத்துக்குத் தோற்றம் தரும் தீமோ, கூடுதல் வசதி சேர்க்கும் ஏதாவது ஒரு பிளகினோ எல்லாக் கேட்டகரிகளையும் ஒரே பக்கத்தில் கேட்கும்போதுதான் கடை திணறும். அதனால் கேட்டகரிகளை அழிக்கக் கிளம்பும் முன், கேட்பது யார் என்று பாருங்கள். முழு பேக்கப் எடுத்துவிட்டு, முடிந்தால் ஸ்டேஜிங் நகலில் (சோதித்துப் பார்க்க வைக்கும் தளத்தின் பிரதியில்) வேலையைத் தொடங்குங்கள்.

கீழே வரும் செட்டிங் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் ஆங்கிலத்தில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும்.

முதலில் டபிள்யூபி கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி டீபக், டபிள்யூபி டீபக் லாக் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். டபிள்யூபி டீபக் டிஸ்ப்ளே ஃபால்ஸாக இருக்கட்டும், இல்லையென்றால் வாடிக்கையாளர் கண்ணில் பிழைச் செய்திகள் படும். தடுமாறும் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டு, டபிள்யூபி கன்டென்ட் ஃபோல்டரில் உருவாகும் டீபக் லாகைப் படியுங்கள். 134217728 பைட்ஸ் தீர்ந்துவிட்டது என்று இருந்தால் 128 எம்பி மெமரி போதவில்லை. 30 செகண்ட் தாண்டியது என்று இருந்தால் நேரம் போதவில்லை. லாகில் ஒன்றுமே இல்லை, ஆனால் செட்டிங்ஸ் பாதிதான் சேவ் ஆகிறது என்றால் அது வேறு கதை. அதிக நேரத்தை விழுங்கும் கோளாறும் அதுதான்.

பாதி மட்டும் சேவ் ஆகும் செட்டிங்ஸ்

கேட்டகரிவாரியாக டெலிவரி கட்டணம், தள்ளுபடி, கமிஷன் வைக்க உதவும் பிளகின்கள் ஒவ்வொரு கேட்டகரிக்கும் சில கட்டங்களை வரிசையாகக் காட்டும். சேவ் அழுத்தியதும் அத்தனை கட்டங்களும் ஒரே மூச்சில் சர்வருக்குப் போகும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியில், ஒரே தடவையில் எத்தனை கட்டங்களை ஏற்கலாம் என்பதற்கு மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்றொரு வரம்பு உண்டு. அது வழக்கமாக 1000. கேட்டகரிக்கு 4 கட்டம் என்றால் 250 கேட்டகரிகளிலேயே அது நிரம்பிவிடும். மிச்சத்தை பிஎச்பி திரையில் எதுவும் சொல்லாமல் வெட்டிவிடும், லாகில் மட்டும் ஒரு எச்சரிக்கை எழுதும். பட்டியலின் தலைப்பகுதி சரியாக இருக்கும், வால்பகுதியின் மதிப்புகள் காணாமல் போயிருக்கும். சில பிளகின்களில் பழைய மதிப்புகளும் சேர்ந்து அழியும். படிவத்தின் கடைசியில் இருக்கும் பாதுகாப்புக் குறியீடும் வெட்டுப்பட்டால், லிங்க் காலாவதியாகிவிட்டது என்ற பொருத்தமில்லாத செய்தி வரும்.

டிக் செய்யாத செக்பாக்ஸ்கள் சர்வருக்குப் போவதே இல்லை. செக்பாக்ஸ் மட்டுமே உள்ள பக்கம் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, டிக்குகள் கூடிய ஒரு நாளில் திடீரென்று கெடுவது இதனால்தான். எதையும் மாற்றவில்லையே என்று தோன்றும்.

இந்த எச்சரிக்கை வேர்ட்பிரஸ் லோடாகும் முன்பே எழுதப்படுவதால் டீபக் லாகில் கிடைக்காது, ஹோஸ்டிங் பேனலில் உள்ள பிஎச்பி எரர் லாகில் தேடுங்கள். வரம்பை உயர்த்துவது இப்படி:

1. வூகாமர்ஸ் மெனுவில் ஸ்டேட்டஸ் பக்கம் போய், சர்வர் பகுதியில் பிஎச்பி மேக்ஸ் இன்புட் வார்ஸ் இப்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. கேட்டகரி எண்ணிக்கையைக் கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதில் பாதியைக் கூட்டுங்கள். 600 கேட்டகரி, 4 கட்டம் என்றால் 3600.
3. ஹோஸ்டிங் பேனலின் பிஎச்பி செட்டிங்ஸிலோ, பிஎச்பி ஐஎன்ஐ அல்லது யூசர் ஐஎன்ஐ கோப்பிலோ அந்த மதிப்பைப் போடுங்கள். டபிள்யூபி கான்ஃபிக்கில் ஐஎன்ஐ செட் என்று எழுதுவது இதற்கு வேலை செய்யாது. அந்தக் கோப்பு ஓடுவதற்குள் வெட்டு விழுந்திருக்கும்.
4. யூசர் ஐஎன்ஐ கோப்பை சர்வர் வழக்கமாக 300 செகண்டுக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள்.

எண் மாறிய பிறகும் சேவ் ஆகவில்லை என்றால் மாட்செக்யூரிட்டி போன்ற ஃபயர்வாலில் தனியாக ஒரு வரம்பு இருக்கலாம். அதை ஹோஸ்டிங்காரர்தான் மாற்ற முடியும்.

மெமரியும் வேகமும்

வேர்ட்பிரஸில் மெமரிக்கு இரண்டு வரம்புகள் உண்டு: தளப் பக்கங்களுக்கு டபிள்யூபி மெமரி லிமிட், அட்மினுக்கு டபிள்யூபி மேக்ஸ் மெமரி லிமிட். முதலாவதை 256 எம்பி ஆக்குங்கள். அதற்குப் பிறகும் மெமரி தீர்ந்தால் 512, 1024 என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், வேறெங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். டேட்டாபேஸிடம் போகும் கேள்விகளை (க்வெரி) காட்டும் க்வெரி மானிட்டர் பிளகினை நிறுவி, எந்தத் தீம், எந்தப் பிளகின் கேட்டது என்ற காம்போனன்ட் வாரியான பட்டியலையும் டூப்ளிகேட் க்வெரிகளையும் பாருங்கள். ஒரே மாதிரி க்வெரி நூற்றுக்கணக்கில் ஓடினால், யாரோ ஒவ்வொரு கேட்டகரிக்கும் தனித்தனியாகப் படத்தையோ மெட்டாவையோ (கூடுதல் விவரம்) கேட்கிறார்கள். பெரும்பாலும் அது தீமின் மெகா மெனுவாகவோ சைட்பார் பட்டியலாகவோ இருக்கும்.

ப்ராடக்ட் கேட்டகரிஸ் விட்ஜெட்டில், தற்போதைய கேட்டகரியின் பிள்ளைகளை மட்டும் காட்டு என்பதை டிக் செய்தாலே பாரம் நன்றாகக் குறையும். மெனுவில் இரண்டு மட்டம் போதும். டேட்டாபேஸ் தந்த பதில்களை மெமரியில் சேமித்துவைக்கும் ரெடிஸ் அல்லது மெம்கேஷ்ட் ஆப்ஜெக்ட் கேஷ் வைப்பதும் உதவும், ஆனால் மோசமாக எழுதிய மெனுவை அது சரிசெய்யாது.

முகவரியிலிருந்து ப்ராடக்ட் கேட்டகரி என்ற சொல்லை நீக்கும் பிளகின்களையும் சந்தேகியுங்கள். அவற்றில் பல ஒவ்வொரு கேட்டகரிக்கும் தனித்தனி ரீரைட் விதிகளை (எந்த முகவரி எந்தப் பக்கம் என்று சொல்பவை) எழுதிவைக்கின்றன. ஆயிரம் கேட்டகரி என்றால் ஆயிரக்கணக்கில் விதிகள், அவை ஒவ்வொரு பக்கத்திலும் மெமரிக்குள் வரும்.

துணைக் கேட்டகரிகள் மறைந்தால்

டேட்டாபேஸில் இருக்கும் துணைக் கேட்டகரி அட்மின் பட்டியலில் தெரியவில்லை என்றால், ஆப்ஷன்ஸ் டேபிளில் ப்ராடக்ட் கேட் சில்ட்ரன் என்ற வரியைத் தேடி நீக்குங்கள். யாருக்கு யார் பிள்ளை என்ற தொகுப்பு அதில்தான் இருக்கிறது. இம்போர்ட் நடுவழியில் நின்றால் அது பழையதாகவே தங்கிவிடும். நீக்கினால் வேர்ட்பிரஸ் புதிதாகக் கட்டிக்கொள்ளும். கடைப் பக்கத்தில் மட்டும் கேட்டகரி தெரியவில்லை, எண்ணிக்கை 0 என்கிறது என்றால் ஸ்டேட்டஸ், டூல்ஸ், டெர்ம் கவுண்ட்ஸ் ஓட்டுங்கள்.

பெருக்கத்தின் ஊற்று

பல கடைகளில் இத்தனை கேட்டகரிகளை யாரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை, பொருட்பட்டியலை சிஎஸ்வி கோப்பிலிருந்து (கமாவால் பிரித்த அட்டவணை) ஏற்றும் இம்போர்ட் உருவாக்கியது. கேட்டகரி நெடுவரிசையில் பெரிது என்ற குறி (>) தாய்–பிள்ளை உறவைக் காட்டும், கமா அடுத்த கேட்டகரியைத் தொடங்கும். பெயருக்குள்ளேயே கமா இருந்தால் அது இரண்டாக உடையும். அந்தக் கமாவுக்கு முன் பேக்ஸ்லாஷ் போட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் புதுக் கேட்டகரி முளைக்கும்.

இன்னொரு ஊற்று, நிறத்தையும் அளவையும் கேட்டகரியாக்குவது. சிவப்புச் சட்டை, நீலச் சட்டை என்று தனித்தனியாக வைக்காமல், சட்டை என்று ஒரே கேட்டகரி வைத்து நிறத்தை ஆட்ரிபியூட் (பொருளின் பண்பு) ஆக்குங்கள். 40 கேட்டகரி, 12 நிறம் என்றால் 480 கேட்டகரிகள் 40 ஆகிவிடும்.

நீக்கும்போது வரிசை முக்கியம். முதலில் பொருட்களைப் புது இடத்துக்கு மாற்றுங்கள். நீங்கள் நீக்கும் கேட்டகரியில் மட்டுமே இருந்த பொருள் தானாக இயல்புக் கேட்டகரிக்குப் போய்விடும், பிள்ளைகள் ஒரு மட்டம் மேலே ஏறும். பழைய முகவரிகளுக்கு 301 ரீடைரக்ட் (புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போட்ட பிறகு 50, 50 ஆக நீக்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து நீக்கினால், தீர்க்க வந்த அதே 30 செகண்ட் வரம்பில் மறுபடி மாட்டிக்கொள்ள நேரும்.