பயோடெக் கம்பெனில லீகல் ஆப்பரேஷன்ஸும் காண்ட்ராக்ட்டும் கைக்கு வந்தா எங்கேருந்து ஆரம்பிக்கிறது

இந்தப் பொறுப்புக்கு வர்ற நிறைய பேர் முதல் மாசமே காண்ட்ராக்ட் சாஃப்ட்வேர் விக்கிறவங்களைக் கூப்பிட்டு டெமோ பாக்க உக்காந்துடுறாங்க. வேணாங்க, கொஞ்சம் பொறுங்க. உள்ள என்ன கிடக்குன்னே தெரியாம வாங்குனா, குப்பையை ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு காசு குடுத்து மாத்துன கதை தான். கம்பெனி இதுவரைக்கும் எதுலெல்லாம் கையெழுத்து போட்டிருக்குன்னு முதல்ல தெரியணும். சின்ன கம்பெனின்னா பாதி ஒப்பந்தம் ஃபவுண்டரோட மெயில்ல இருக்கும், கொஞ்சம் வெளி லா ஃபர்ம்கிட்ட, மிச்சம் எப்பவோ வேலையை விட்டுப் போனவரோட லேப்டாப்ல.

தேட ஒரு நல்ல வழி, ஃபைனான்ஸ்ல போய் யார் யாருக்கு பணம் போகுதுன்னு லிஸ்ட் வாங்குறது. ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ஒரு காண்ட்ராக்ட் இருக்கான்னு பாருங்க, இல்லாததே நிறைய தேறும். சிஆர்ஓ (நமக்காக ட்ரையல் நடத்தித் தர்ற கம்பெனி) மாதிரி பெரிய வெண்டர்னா மேல ஒரு எம்எஸ்ஏ, அதாவது பொதுவான தாய் ஒப்பந்தம், அதுக்குக் கீழ வரிசையா ஒவ்வொரு வேலைக்கும் வொர்க் ஆர்டர், ஒவ்வொண்ணுக்கும் அதைத் திருத்துற சேஞ்ச் ஆர்டர்னு குடும்பமே இருக்கும், அதையெல்லாம் ஒரே கொத்தா சேத்து வைங்க, கடைசி சேஞ்ச் ஆர்டர் கையில இல்லாம எம்எஸ்ஏவை மட்டும் படிச்சுட்டு பதில் சொன்னா வம்பு தான்.

ஆனா பணமே கைமாறாத ஒப்பந்தம் இந்த லிஸ்ட்ல சிக்காது. அதுக்கு நீங்க லேப்புக்குத் தான் போகணும். யாரோ ஒரு புரொஃபசர் நம்ம சயின்டிஸ்ட்டுக்கு ஒரு செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்க்குற செல்கள்) அனுப்பியிருப்பார், கூடவே ஒரு எம்டிஏ, அதாவது மெட்டீரியலைக் கைமாத்துற ஒப்பந்தம், வந்திருக்கும், அதுல ஆராய்ச்சிக்கு மட்டும், வணிகத்துக்கு ஆகாது, வேற யாருக்கும் தரக்கூடாதுன்னு போட்டிருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு அதே செல்லை வச்சு ஒரு மருந்து ப்ரோக்ராமே ஓடிட்டிருக்கும், அந்தப் பேப்பர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால ஃப்ரீசர் இன்வென்டரில அந்த செல் இருக்குற வயலுக்கு (சின்ன குப்பிக்கு) நேரா எம்டிஏ நம்பரும் "ஆராய்ச்சி மட்டும்"னு ஒரு வரியும் ஏத்திடுங்க. லீகல் ஃபோல்டர்ல இருக்குறதை சயின்டிஸ்ட் பாக்க மாட்டார், வயலை எடுக்கும்போது இன்வென்டரியைப் பாப்பார். நாம மெட்டீரியலை வச்சு கண்டுபிடிக்கிறதுல குடுத்தவங்களுக்கும் உரிமைன்னு எம்டிஏல வரி இருந்தா அதை மட்டும் சும்மா விடாதீங்க. பல யூனிவர்சிட்டிகளுக்கு 1995ல வந்த யுபிஎம்டிஏன்னு ஒரு பொது ஃபார்ம் இருக்கு, ஆனா அது லாப நோக்கு இல்லாத அமைப்புங்க தங்களுக்குள்ள மெட்டீரியல் மாத்திக்க வந்தது, கம்பெனிக்கு அப்படியே பொருந்தும்னு நம்பாதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். மத்த கம்பெனில காண்ட்ராக்ட் மேனேஜ்மெண்ட்னா பெரும்பாலும் தேதி, எப்ப ரினீவல், எப்ப நோட்டீஸ், ரிமைண்டர் போட்டா முடிஞ்சது. பயோடெக்ல பெரிய பணமெல்லாம் ஏதோ ஒண்ணு நடந்தா தான் கிளம்பும், அது எந்தத் தேதின்னு யாருக்கும் தெரியாது. ஒரு மாலிக்யூலை லைசென்ஸ் எடுத்திருக்கோம்னு வைங்க. ஐஎன்டி (மனுஷங்ககிட்ட மருந்தைச் சோதிக்க அமெரிக்க எஃப்டிஏகிட்ட போடுற விண்ணப்பம்) ஃபைல் பண்ணா ஒரு தொகை, ட்ரையலோட ஃபேஸ் 2ல முதல் பேஷண்ட்டுக்கு டோஸ் குடுத்தா ஒரு தொகை, அந்த லைசென்ஸை நாம இன்னொருத்தருக்கு சப்லைசென்ஸ் பண்ணா வர்றதுல பங்குன்னு இருக்கும். முதல் பேஷண்ட்டுக்கு மருந்து போட்ட அன்னைக்கு க்ளினிக்கல் டீம் எல்லாருக்கும் மெயில் போட்டு சந்தோஷப்படும், ஆனா அந்த நிமிஷத்துலேருந்து நோட்டீஸ் குடுக்க வேண்டிய நாள் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னு லீகலுக்கும் உறைக்காது ஃபைனான்ஸுக்கும் உறைக்காது.

இதுக்கு ஒரு சாதா ஷீட் போதும். எந்த க்ளாஸ், எது நடந்தா, எத்தனை நாளுக்குள்ள, யாருக்கு என்ன தரணும், இதோட இன்னொரு கட்டம் சேருங்க: நடந்தது முதல்ல யாருக்குத் தெரியும். அந்தக் கட்டத்துல டீம் பேரை எழுதாதீங்க, ஆள் பேரை எழுதுங்க. மாசம் ஒரு தடவை அந்த ஆளுங்களோட அரை மணி நேரம் உக்காந்து "காண்ட்ராக்ட் ஏதாவது இருக்கா"ன்னு கேக்காம "அடுத்த மூணு மாசத்துல என்ன நடக்கப் போகுது"ன்னு கேளுங்க, முதல் கேள்விக்கு எல்லாரும் இல்லன்னு தான் சொல்லுவாங்க. மருந்து தயாரிச்சுத் தர்ற கம்பெனிகிட்ட ஸ்லாட் புக் பண்ணியிருந்தா கேன்சலேஷன் சார்ஜும் அதே ஷீட்ல வரணும், ஏன்னா பேட்ச் தேதி நெருங்க நெருங்க அது ஏறும், ட்ரையல் தள்ளிப்போகுதுன்னு க்ளினிக்கல் டீமுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே உங்களுக்கும் தெரிஞ்சா கொஞ்சமாவது மிஞ்சும். சாஃப்ட்வேர் வாங்கும்போதும் இந்த ஷீட்டைத் தான் நீட்டணும், இதை அதுல ஏத்த முடியலன்னா அடுத்த ஆளைப் பாருங்க.

நம்ம ஒப்பந்த டெம்ப்ளேட்ல ஒரு இடத்துல கண்ணை ஊன்றிப் பாருங்க, கண்டுபிடிப்பை எழுதித் தர்ற க்ளாஸ். ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷுக்கும் நடந்த கேஸ்ல ஒரே ஆராய்ச்சியாளர் ரெண்டு பேப்பர்ல கையெழுத்து போட்டிருந்தார். ஸ்டான்ஃபோர்ட் பேப்பர்ல உரிமையை எழுதித் தர சம்மதிக்கிறேன்னு இருந்துச்சு, பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்குற முறை) கத்துக்கப் போன சீட்டஸ் கம்பெனி பேப்பர்ல இதன் மூலம் எழுதித் தர்றேன்னு இருந்துச்சு. ரெண்டாவது தான் நின்னுச்சு, சீட்டஸோட அந்த பிசினஸை வாங்குன ரோஷ் பக்கம் 2011ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் முடிஞ்சது. அதனால வேலைக்குச் சேர்றவங்க பேப்பர், கன்சல்டன்ட் பேப்பர் எல்லாத்துலயும் இப்பவே எழுதித் தர்றேன்னு இருக்கான்னு பாருங்க, நம்ம ஆளுங்க வேற லேப்புக்குப் போறப்ப அங்க என்னத்துல கையெழுத்து போடுறாங்கன்னும் முன்னாடியே வாங்கிப் பாருங்க.

க்ளினிக்கல் ட்ரையல் ஒப்பந்தத்துல இழுக்குறது எப்பவும் ஒரே நாலஞ்சு விஷயம்: பேஷண்ட்டுக்கு பாதிப்பு வந்தா யார் செலவு, இண்டெம்னிட்டி (கேஸ் வந்தா நஷ்டத்தை யார் ஏத்துக்குறது), டேட்டா யாருக்கு, டாக்டர் எப்ப பப்ளிஷ் பண்ணலாம், பட்ஜெட். ஒவ்வொண்ணுக்கும் நாம கேக்குறது, இறங்கி வர்றது, அதுக்கு மேல போனா யாரைக் கேக்கணும்னு ஒரு பக்கத்துல எழுதி வைங்க. பட்ஜெட்டையும் வாசகத்தையும் ஒரே நேரத்துல ஓட விடுங்க, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணுன்னா ஹாஸ்பிடல் சைட் திறக்கவே மாசக்கணக்காகும். பப்ளிஷ் பண்றதுல மட்டும் இறங்கவே கூடாத ஒரு பகுதி இருக்கு, பேட்டன்ட் ஃபைல் பண்ற வரைக்கும் தள்ளிப்போடுற உரிமை. அமெரிக்கால வெளியிட்ட பிறகும் ஃபைல் பண்ண ஒரு வருஷம் க்ரேஸ் இருக்கு, ஐரோப்பால அப்படி இல்ல, மாநாட்டு போஸ்டர்ல போட்டுட்டா அங்க பேட்டன்ட் போச்சுன்னு வச்சுக்குங்க.

மருந்து தயாரிக்கிறவங்களோட போடுற க்வாலிட்டி அக்ரிமெண்ட் க்யூஏவோட (தரம் பாக்குற டீமோட) சொத்து, நீங்க எழுத வேண்டாம். ஆனா சப்ளை அக்ரிமெண்ட்டோட முட்டிக்கிட்டா எதுல எது நிக்கும்னு ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்குறது உங்க வேலை.

கடைசியா கணக்கு. ஒரு காண்ட்ராக்ட்டுக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு மொத்தமா சொன்னா லீகல் மெதுவுன்னு பேரு வாங்குவீங்க, நம்மகிட்ட எத்தனை நாள், எதிர்ப்பக்கம் எத்தனை நாள், உள்ளேயே அப்ரூவலுக்கு எத்தனை நாள்னு பிரிச்சு வைங்க. என்டிஏவை (ரகசியம் காக்குற ஒப்பந்தத்தை) நம்ம டெம்ப்ளேட்ல மாத்தம் இல்லாம போனா பிசினஸ் டீமே அனுப்பிக்கட்டும்னு விட்டுடலாம், கையெழுத்து போடுற அதிகாரம் யாருக்குன்னு மட்டும் தெளிவா இருக்கணும். அதுக்கப்புறமும் வேலை குவிஞ்சா ஆள் கேளுங்க, கேக்கும்போது இன்னொரு வக்கீலைக் கேக்காதீங்க, சிஆர்ஓ பட்ஜெட்டை வரிவரியா படிக்கத் தெரிஞ்ச காண்ட்ராக்ட் மேனேஜரைக் கேளுங்க.