மாஸ்க்குக்குள் எரியும் கண்: முங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடலில் முங்கி எழுபவர்களிடம் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "உப்புத் தண்ணிதானே, சரியாயிடும்" என்பார்கள். பல நேரம் காரணம் உப்பே அல்ல, முங்கும்போது கண்ணையும் மூக்கையும் மூடி மாட்டும் மாஸ்க்குக்குள் நாமே பூசியதுதான்.

மாஸ்க்கின் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஒரு திரவம் தடவுகிறோம், சிலர் ஷாம்பு தடவுகிறார்கள். தடவுவது தவறில்லை, அலசாமல் மாட்டுவதுதான் தவறு. உள்ளே கொஞ்சம் தண்ணீர் கசிந்தாலும் அது கரைந்து நேராகக் கருவிழியில் படும். கரையேறிய பிறகு மணல் விழுந்தது போல உறுத்தும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. நான் நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தபோது, வாடகை மாஸ்க்கில் பிளீச்சிங் வாடை அடித்தும் அப்படியே மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. வாடை வந்தால் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். நெற்றியில் சன்ஸ்கிரீன் வேண்டாம், வழிந்து உள்ளே வரும். கான்டாக்ட் லென்ஸோடு இறங்கவே இறங்காதீர்கள். ரசாயனமும் கிருமியும் அதன் அடியில் தங்கிவிடும்.

நம் பக்கத்துக் கடலுக்கென்று தனி ஆபத்தும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எண்ணெய் மேலேதான் மிதக்கும். அதனால் மேலே வந்ததும் மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்கும் பழக்கம் மோசமானது. படகில் ஏறும்வரை கழற்றாதீர்கள். தண்ணீரில் வானவில் நிறம் தெரிந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். அதே 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது ஊரே கண் எரிந்து ஓடியது. அம்மோனியா போன்ற காரம் அமிலத்தைவிட வேகமாகக் கண்ணின் ஆழத்துக்குப் போகும்.

எரிச்சல் வந்தால் தேய்க்காதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதைவிட ஆபத்து. கிருமித் தொற்று இருந்தால் அதை வளர்த்துவிடும். கழுவிய பிறகும் வலியோ மங்கலோ இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அன்றே போய்விடுங்கள். அப்புறம், படகில் 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்று எப்போதும் இருக்கட்டும். குடிக்க அல்ல, கண்ணுக்கு.