'போல' வந்தாலே உவமை இல்லீங்க

மாயவரத்துல பத்தாவது பசங்களுக்கு சாயங்காலம் தமிழ் சொல்லித்தரேன், அணி, அதாவது செய்யுளுக்கு அழகு சேக்கற முறை, எதுன்னு கேள்வி வந்தா முக்காவாசி பேரு 'போல' இருக்கான்னு தேடுவாங்க, இருந்தா உவமை (ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிடறது), இல்லாட்டி உருவகம் (ரெண்டும் ஒண்ணேன்னு சொல்றது), அவ்ளோதான் பேப்பரை மடிச்சு குடுத்துட்டு போயிடுவாங்க.

இன்னொரு ஷார்ட்கட்டும் வச்சிருக்காங்க. மலர்முகம்னா உவமை, முகமலர்னா உருவகம், அதாவது பொருள் (நெசமா பேசற விஷயம்) முன்னாடி வந்தா உருவகம். சரிதான், ஆனா எது பொருள்னு முதல்ல தெரியணும்ல? கயற்கண்ணையே எடுத்துக்குங்க. ஒரு பொண்ணைப் பத்தி சொன்னா நெசமா இருக்கறது கண்ணு, கயல் மீனு கவிஞர் கொண்டாந்தது, அதனால உவமை. அதே சொல்லு சிலப்பதிகாரத்துல 'கருங்கயற்கண் விழித்தொல்கி நடந்தாய் வாழி காவேரி'ன்னு வருது பாருங்க, அங்க ஆத்துல நெசமா துள்றது மீனு, கண்ணுதான் கற்பனை. அதே சொல்லு இங்க உருவகமா ஆயிடுது! காவேரி கரையிலயே இருந்துகிட்டு இதை கவனிக்காம விடுறது எனக்கு மனசே ஆறாது.

தற்குறிப்பேற்றத்துல 'போல' வந்து இன்னும் குழப்பும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கிட்ட போறப்ப கோட்டைக் கொடி 'வாரல் என்பன போல்' கை காட்டுச்சாம். போல இருக்கேன்னு உவமைன்னு எழுதிடாதீங்க. கொடி காத்துக்குதான் ஆடுது, வராதீங்கன்னு சொல்லுதுங்கற காரணத்தை ஏத்துனது இளங்கோவடிகள். நம்மூர் கணக்குல சொன்னா, நாத்து காத்துல ஆடுதுன்னா அது வெறும் இயல்பு, மேட்டூர் தெறந்தும் கடைமடைக்கு இன்னும் தண்ணி வரலையேன்னு நாத்து தலையாட்டுதுன்னா தற்குறிப்பேற்றம்.

பிறிது மொழிதல் ரொம்ப சுலபம், ஆனாலும் கோட்டை விடுவாங்க. மயிலிறகுதான்னாலும் அளவுக்கு மீறி ஏத்துனா வண்டி அச்சு முறியும்னு 475ஆவது குறள் சொல்லும், எதுக்கு சொன்னாருன்னு வெளிப்படையா இருக்காது, உவமையை மட்டும் போட்டுட்டு பொருளை நம்மகிட்ட விட்டுட்டாரு. ரெண்டையும் சொல்லி நடுவுல 'போல'வை மட்டும் விட்டா அது எடுத்துக்காட்டு உவமை, 'அகர முதல' மாதிரி.

அப்பறம் எதுகை மோனையை அணி லிஸ்ட்ல சேக்காதீங்க, அது தொடை, அதாவது செய்யுள்ல எழுத்தும் சத்தமும் ஒத்துவர்ற அமைப்பு. கடைசி சத்தம் ஒத்துவந்தா எதுகைன்னு வேற சொல்றாங்க, அது இயைபு. எதுகைக்கு ரெண்டாவது எழுத்து ஒத்து வரணும், முதல் எழுத்து குறிலுக்கு குறில் நெடிலுக்கு நெடில்னு நிக்கணும், அதனால பட்டுக்கு கட்டு சேரும், பாட்டு சேராது.