லிவர் சிரோசிஸ் உள்ளவருக்கு மூளை லேசாக மந்தமாகிறதா? வீட்டில் கண்டுபிடிப்பது எப்படி

"இன்னைக்கு என்ன கிழமை, பிரதமர் யாரு" என்று கேட்டுப் பார்க்காதீர்கள், சரியாகத்தான் சொல்வார்கள். ஈரல் சுருங்கியவர்களுக்கு முதலில் அடிவாங்குவது ஞாபகமோ பேச்சோ இல்லை. கவனம், வேகம், கண் பார்ப்பதைக் கை செய்வது, இவைதான். குடலில் உண்டாகும் அமோனியாவை நல்ல ஈரல் யூரியாவாக்கி வெளியே அனுப்பிவிடும். சுருங்கிய ஈரலால் அது முடியாமல் மிச்சம் மூளைக்குப் போகிறது.

எங்கள் வீட்டில் முதலில் காட்டிக்கொடுத்தது வாசல் கோலம். அம்மா வருடக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடும் சிக்குக் கோலத்தில் ஒருநாள் இழை ஒரு புள்ளியைச் சுற்றாமல் தாண்டிப்போய், கடைசியில் சேரவே இல்லை. கேட்டால் "மாவு சரியில்ல" என்றார். வயசாச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம், அதுதான் தப்பு.

ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் தேதி போட்டு ஒரு கையெழுத்து, ஒரு ஐந்துமுனை நட்சத்திரம். அடுத்தவரோடு ஒப்பிடாமல் அவருடைய போன வார நட்சத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பகலில் தூங்கி ராத்திரி முழித்திருப்பது, சில்லறை எண்ணத் திணறுவது, சட்டென்று எரிந்து விழுவது, வண்டி ஓட்டும்போது தடுமாறுவது, எல்லாவற்றையும் அதிலேயே எழுதுங்கள். சந்தேகம் வந்தால் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், டாக்டர்களே பயன்படுத்தும் ஒரு எளிய சோதனை: 60 வினாடியில் எத்தனை விலங்குகள் சொல்கிறார்? சொன்னதையே திரும்பச் சொன்னால் கணக்கில்லை. 10க்குக் கீழே என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும், 15க்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, நடுவில் என்றால் சந்தேகம்தான். வயதும் படிப்பும் இதைப் பாதிக்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தினமும் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் தாளில் சிதறிக் கிடக்கும் 1 முதல் 25 வரையிலான எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். எண் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படங்களை இணைக்கும் சோதனையும் இருக்கிறது, லக்னோ டாக்டர்கள் உருவாக்கியது. ரத்தத்தில் அமோனியா அளவை மட்டும் வைத்து இதை உறுதி செய்ய முடியாது.

மாற்றம் தெரிந்தால் என்ன தூண்டியது என்று தேடுங்கள்: மலச்சிக்கல், காய்ச்சல், வாந்தி பேதி, தூக்க மாத்திரை. மலத்தை இளக்கி அமோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப்பை டாக்டர் கொடுத்திருந்தால் நாளைக்கு 2, 3 முறை இளகலாகப் போகிறாரா என்று பாருங்கள். பருப்பையும் முட்டையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், தசை கரைந்தால் இன்னும் மோசமாகும்.

கைகளை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரிக்கச் சொல்லும்போது கை விட்டுவிட்டுத் தொங்கி ஆடினால், உளறினால், மலம் தார் போலக் கருப்பாகப் போனால், நோட்டெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அம்மாவின் கோலத்தை இப்போது தினமும் காலையில் போனில் படம் எடுத்துவைக்கிறேன். ஸ்டேட்டஸ் போடத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓரமாக ஒரு பூவும் சேர்த்துப் போடுகிறார்.